இடது மணிக்கட்டில் ஓர் இணைப்பு: நன்றி மடல்

அறுவை அரங்கிலும் டயாலிசிஸ் பிரிவிலும் எனக்குத் துணை நின்ற அனைவருக்கும் வணக்கம்.

தமனியும் சிரையும் நேருக்கு நேர் சந்திப்பது உடலில் பொதுவான வழக்கம் அல்ல. இடையே நுண்குழாய்களின் பெரிய வலை இருக்கிறது. இதயம் தள்ளும் ரத்தம் அதற்குள் புகுந்து, வேகம் தணிந்த பிறகே சிரைக்கு வந்து சேர்கிறது. என் இடது மணிக்கட்டில் அந்த வலைக்குள் போகாமல், தமனியிலிருந்து நேரே சிரைக்குப் போகும் ஒரு குறுக்குவழியைத் திறந்து வைத்தீர்கள். ஃபிஸ்டுலா என்பது அதன் பெயர். அதனால் பருத்த சிரையில் ஊசி குத்தித்தான் டயாலிசிஸ் இயந்திரம் என் ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பித் தருகிறது. சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகும் நான் எழுந்து நடமாடுகிறேன் என்றால் அந்தக் குறுக்குவழிதான் காரணம். நேரில் நன்றி சொன்னபோதெல்லாம் "இது எங்கள் வேலைதானே" என்று நழுவிவிட்டீர்கள். எழுத்தில் சொன்னால் நழுவ முடியாதல்லவா?

முதலில் அறுவை மருத்துவர் அம்மாவுக்கு. கத்தியை எடுப்பதற்குப் பல நாள் முன்பே நீங்கள் செய்த ஒரு சிறு சோதனையை நான் மறக்கவில்லை. முஷ்டியை இறுக மூடச் சொன்னீர்கள். மணிக்கட்டின் இரு ஓரங்களிலும் ஓடும் தமனிகளைக் கட்டைவிரல்களால் அழுத்திப் பிடித்தீர்கள். நான் கையை விரித்தபோது உள்ளங்கை வெளுத்துப் போயிருந்தது. பிறகு சுண்டுவிரல் பக்கத்து அழுத்தத்தை மட்டும் விட்டீர்கள். சில நொடிகளில் கட்டைவிரல் நுனி வரை சிவப்பு ஏறிவிட்டது. "உள்ளங்கைக்குள் இரண்டு தமனிகளும் வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. ஒன்றிலிருந்து நான் ரத்தத்தைத் திருப்பினாலும் விரல்களுக்கு மற்றொன்று கொடுக்கும்" என்றீர்கள். நீங்கள் போடப்போகும் இணைப்புக்கு, பிறக்கும்போதே உள்ளே இருந்த இணைப்புதான் ஜாமீன் என்று அன்று புரிந்தது.

அதன் பிறகு இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. மூளையின் அடியில் தமனிகள் வளையமாகக் கைகோத்திருப்பதை 1664இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் விவரித்தார். கழுத்துத் தமனி ஒன்று அடைபட்டும் பக்கவாதம் வராமல் வாழ்ந்தவரைப் பற்றியும் எழுதினார். பெருங்குடலின் ஓரமாகவும் தமனிகள் இப்படித் தொடர்ச்சியாக இணைந்து போகின்றன. விரல் நுனித் தோலில் இன்னும் வியப்பு: அங்கே தமனியும் சிரையும் நேரடியாகவே சேர்கின்றன. உடற்சூட்டை வெளியே விடத் திறந்து, குளிரில் மூடிக்கொள்ளும் இணைப்புகள் அவை. எனக்குப் போட்ட ஃபிஸ்டுலாவுக்கு மூடத் தெரியாது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

அறுவையின்போது கை மட்டும் மரத்திருந்தது, நான் விழித்திருந்தேன். சிரையின் அறுத்த முனையைத் தமனியின் பக்கவாட்டில் வைத்து, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் நீல நூலால் சுற்றிலும் தைத்தீர்கள். கவ்விகளை எடுத்ததும் விரலை வைத்துப் பார்த்து, "அதிர்வு வந்துவிட்டது" என்றீர்கள். அதுவரை வாயே திறக்காத உதவியாளர்கள் அப்போதுதான் பேசத் தொடங்கினார்கள். உயர் அழுத்த ரத்தம் சிரைக்குள் சுழித்துப் பாயும் அதிர்வு அது. கை மரக்க மருந்து கொடுத்தவர், நூலை எடுத்து நீட்டியவர், விளக்கைத் திருப்பியவர் எல்லாருக்கும் என் நன்றி.

நான் சந்திக்க முடியாத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1894இல் பிரெஞ்சு குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் குத்தப்பட்டு, ஈரலுக்குப் போகும் பெருஞ்சிரை அறுந்து இறந்தார். அறுந்த ரத்தக்குழாயை நம்பகமாகத் தைக்கும் வழி அன்று இல்லை. அந்த ஊரில் மருத்துவம் பயின்ற அலெக்சி காரெல் இதைப் பிடித்துக்கொண்டார். பூத்தையல்காரி ஒருவரிடம் நுண்தையல் கற்றுக்கொண்டு, குழாயின் வாயை மூன்று இடங்களில் இழுத்து முக்கோணமாக்கித் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு வந்தது. மனித இனத்தைத் தரம் பிரிப்பது பற்றிப் பிற்காலத்தில் அவர் எழுதியவற்றை என்னால் ஏற்க முடியாது. எனவே என் நன்றி அவருடைய ஊசிக்கு மட்டும்.

1960இல் அமெரிக்க மருத்துவர் பெல்டிங் ஸ்க்ரிப்னர் கைக்கு வெளியே டெஃப்லான் குழாயைப் பொருத்தி, தொடர்ந்து டயாலிசிஸ் செய்ய வழி காட்டினார். ஆனால் அந்தக் குழாயில் ரத்தம் உறைந்தது, கிருமி புகுந்தது. 1966இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையைச் சேர்ந்த பிரேஷியா, சிமினோ, அப்பெல் ஆகியோர் வெளிக்குழாயே வேண்டாம், நோயாளியின் சொந்தச் சிரையையே பருக்க வைப்போம் என்று காட்டினார்கள். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்ட குழாயோடு படுத்து எழுந்தவனுக்குத்தான் அந்த யோசனையின் அருமை முழுதாகத் தெரியும்.

சிரை பருக்கும் வரை பொறுமையாக இருக்க வைத்தவர் ஸ்கேன் எடுத்த தம்பி. 6 வாரம், 6 மில்லிமீட்டர் அகலம், தோலுக்குக் கீழே 6 மில்லிமீட்டருக்குள், நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டர் ஓட்டம் என்று ஆறாம் வாய்ப்பாடுபோல் ஒப்பித்தார். ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே நானும் ஒப்பித்தேன்.

டயாலிசிஸ் செவிலியர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் என் நன்றியில் பெரும்பங்கு. அறுவை ஒரு நாளில் முடிந்துவிடும், ஊசி அப்படியல்ல. வலிக்காத பழைய இடத்திலேயே குத்தும்படி நான் கெஞ்சியபோதெல்லாம் மறுத்து, ஏணிப்படி ஏறுவதுபோல் ஒவ்வொரு முறையும் இடம் மாற்றினீர்கள். ஒரே இடத்தில் குத்தினால் சுவர் நலிந்து வீங்கும் என்று திட்டவும் செய்தீர்கள். அந்தத் திட்டுக்கும் நன்றி.

அவர்களில் மூத்த டெக்னீஷியன் ஐயாவைத் தனியே சொல்ல வேண்டும். ஊசியை எடுத்த பிறகு ரத்தம் நிற்க வழக்கத்தைவிட நேரமாகிறது என்பதை முதலில் கவனித்தவர் அவர். விரலை வைத்தார். மெல்லிய அதிர்வுக்குப் பதில் திடுதிடுவென்ற துடிப்பு. என் கையைத் தலைக்கு மேல் தூக்கினார். தூக்கினால் தளர வேண்டிய சிரை புடைத்தபடியே நின்றது. "மேலே எங்கோ குறுகியிருக்கிறது, இன்றே காட்டுங்கள்" என்றார். படம் எடுத்தபோது அவர் சொன்னபடியே மேற்கையில் ஒரு குறுக்கம். பலூன் வைத்து விரித்தார்கள். எந்த இயந்திரமும் அதுவரை எச்சரிக்கவில்லை. இன்னும் சில நாள் விட்டிருந்தால் உள்ளே உறைந்து, மறுபடி கழுத்துக் குழாய்தான்.

பக்கத்து நாற்காலி அண்ணன், விழித்ததும் விரல் வைத்து அதிர்வைப் பார்க்கவும், கையைக் காதோடு சேர்த்து அந்த இரைச்சலைக் கேட்கவும் எனக்குப் பழக்கினார். வேறோர் இடத்தில் என் இடது கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றப்போனார்கள், "அந்தக் கை வேண்டாம்!" என்று குரல் கொடுத்துப் பாய்ந்து வந்த பணியாளர் அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அக்கா, இது உங்கள் கண்ணில் பட்டால் அடுத்த முறை பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

என் மனைவிக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகவே இங்கே நிறுத்துகிறேன்.

நன்றியுடன்,
காலை ஷிப்ட் நோயாளி