பேட்டரி வாங்கச் சொல்லும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுச் சோலார் கட்டுரையில், "உபரி மின்சாரத்தைக் கிரிட்டுக்குத் தாரை வார்க்காதீர்கள், ஒரு பேட்டரி வாங்கினால் கரண்ட் பில்லே வராது" என்று ஒரு வரி வந்திருக்கிறது. தங்கள் பத்திரிகையை நம்பிக் கையிருப்பைச் செலவழிக்கும் வாசகர்கள் உண்டு என்பது தாங்கள் அறியாததல்ல. சோலார் நிறுவும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைப் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கம்பி வலைக்கு, அனுப்பிய உபரிக்குக் கணக்கு எந்த முறையில் என்பதை அந்தக் கட்டுரை எங்குமே கேட்கவில்லை. யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் நெட் மீட்டரிங் என்றால், பகலில் அனுப்பிய 8 யூனிட் இரவில் 8 யூனிட்டாகவே கணக்கில் வருகிறது. வெயில் மாதத்து உபரியை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோக விதி இடம் கொடுத்தால் அதுவும் கிடைக்கும். எந்த வீட்டு பேட்டரியும் கோடையை மழைக்காலத்துக்குச் சேமித்துத் தராது. போதாததற்கு, ஏற்றி இறக்குவதில் லித்தியம் பேட்டரியில் சுமார் 10 சதவீதமும், ஈய அமில பேட்டரியில் 20 சதவீதமோ அதற்கு மேலோ சேதாரம். இந்த முறை உள்ள வீட்டில், பில்லைக் குறைப்பதற்காக மட்டும் பேட்டரி வாங்குவது நஷ்டம்.

வாங்கும் யூனிட்டுக்கு ஒரு விலை, அனுப்பும் யூனிட்டுக்குக் குறைந்த விலை என்ற முறையில்தான் பேட்டரிக்கு இடம் உண்டு. அங்கேயும் லாபம் இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. கட்டுரையாளர் வாங்கும் விலை முழுவதையும் லாபத்தில் எழுதிவிட்டார்.

கணக்கு இப்படிப் போகும். நல்ல வெயிலில் 3 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். பகல் செலவு 4 போனால் மீதி 8. 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு 5.12 யூனிட். அதில் 90 சதவீதத்தை எடுத்தால் 4.6, சேதாரம் போகக் கையில் வருவது 4 யூனிட்டை ஒட்டி. மீதி உபரி எப்படியும் கிரிட்டுக்குத்தான். தினமும் முழுதாக ஏற்றி இறக்கினாலும், வயதாக ஆகக் கொள்ளளவு தேய்வதைச் சேர்த்தால் 10 ஆண்டில் தேறுவது 13,000 யூனிட் சொச்சம். மழை நாட்களைக் கழித்தால் இன்னும் குறையும். பேட்டரி விலையை அந்த எண்ணால் வகுங்கள். வருகிற தொகை, மேலே சொன்ன வித்தியாசத்தைவிடக் குறைவாக இருந்தால் வாங்கலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் ட்யூபுலர் என்னும் ஈய அமில பேட்டரி என்றால் 1.8 யூனிட், ஆயுள் கெடாமல் அதில் பாதியைத்தான் எடுக்க முடியும்.

முன்பு ஒரு இதழில், கரண்ட் போனாலும் சோலார் வீட்டில் விளக்கு எரியும் என்று எழுதியிருந்தீர்கள். அப்போதே மனம் வருந்தினேன். பேனல் மின்சாரத்தை வீட்டுக்கும் கிரிட்டுக்கும் ஏற்றபடி மாற்றித் தரும் சாதாரண கிரிட் இன்வெர்ட்டர், சப்ளை போன கணமே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவரின் உயிருக்காக வைத்த பாதுகாப்பு அது. மின்தடையிலும் ஓட, பேட்டரியோடு சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும், அதன் பேக்கப் முனையிலிருந்து தனி வயரிங்கும் வேண்டும். மோட்டாரை அதில் சேர்க்கக் கூடாது. கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல் ஐந்தாறு மடங்கு இழுத்து இன்வெர்ட்டரை டிரிப் செய்துவிடும். கிலோவாட் என்பது வேகம், யூனிட் என்பது அந்த வேகத்தில் ஓடிச் சேர்ந்த அளவு; இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது பல இதழ்களாகத் தொடர்கிறது. அதைப் பலமுறை பொறுத்துக்கொண்டோம்.

பேட்டரிக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றி ஒரு வரி இல்லாததுதான் பெரிய குறை. 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற 3.5 யூனிட் ஆகும். 2 கிலோவாட் ஹீட்டருக்கு டைமர் வைத்து 11 மணிக்கு ஓடவிட்டால் ஒரு மணிக்கு முன்பே உபரியில் பாதி அதிலேயே அடங்கிவிடும். செலவு ஒரு டைமர், ஹீட்டரின் கரண்டைத் தாங்கக்கூடிய ஒரு கான்டாக்டர் சுவிட்ச். தண்ணீர் மோட்டாரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் நடுப்பகலுக்கு மாற்றலாம். அனுப்பும் விலை குறைவான இடங்களில் மட்டுமே இதற்குப் பலன். உற்பத்தி முழுவதையும் மின் நிறுவனமே தனி மீட்டரில் வாங்கிக்கொள்ளும் முறையில் பயனில்லை.

பேட்டரி வாங்கியே தீருவேன் என்பவருக்கு: மின்சாரம் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று அளக்க மெயின் ஃபேஸ் வயரில் மாட்டும் சிடி வளையம் திரும்பிவிட்டால் எல்லாம் தலைகீழாகும். பகலில் உபரி இருக்கும்போதே பேட்டரி காலியாகும், இரவில் காசு கொடுத்து வாங்கும் மின்சாரத்தில் ஏறும். அம்புக்குறியின் திசை கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் கையேட்டைப் பார்க்க வேண்டும். சரிபார்க்க, பேனலையும் பேட்டரியையும் நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போடுங்கள். கிரிட்டிலிருந்து வருகிறது என்று திரை காட்டினால் சரி. வருவதையும் போவதையும் தனித்தனியே அளக்கும் இருவழி மீட்டர் மாட்டும்வரை பேனலை ஆன் செய்யவே வேண்டாம். பல சாதாரண மின்னணு மீட்டர்கள் வெளியே போவதையும் வாங்கியதாகவே கூட்டிவிடும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில், அந்த ஒரு வரிக்குத் திருத்தமும், பேட்டரி விலையை வகுத்துப் பார்க்கும் கணக்கும் ஒரு சிறு கட்டத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்