61 கிலோ டுரானை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில், போட்டியைப் பாதியில் விட்டுப் போனவர்களைப் பற்றி ஒரு தொகுப்பு போட்டிருந்தீர்கள். அதில் ஏழாவது ஆள் பனாமா நாட்டுக் குத்துச்சண்டை வீரர் ரொபெர்ட்டோ டுரான். அவருக்கு ஒதுக்கியது மூன்றே வாக்கியம். 1980-ல் சுகர் ரே லெனார்டுடன் மோதும்போது 'நோ மாஸ்', அதாவது 'போதும்', என்று சொல்லி முதுகைக் காட்டினார், பனாமாவே வெட்கப்பட்டது, அத்தோடு அவர் கதை முடிந்தது. முதல் வாக்கியத்தில் பெரிய தப்பு இல்லை, அந்த வார்த்தையைத் தான் சொல்லவே இல்லை என்று டுரான் இன்றுவரை சாதிக்கிறார் என்பதைத் தவிர. இரண்டாவதை நான் நேரிலேயே பார்த்தேன். மூன்றாவது சுத்தப் பிசகு. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, நேரம் நிறைய இருக்கிறது.

நான் சரக்குக் கப்பலில் சுக்கானியாக இருந்தவன். 1980 நவம்பர் கடைசியில் எங்கள் கப்பல் பனாமா கால்வாயைக் கடக்க முறை வரும்வரை கிறிஸ்டோபல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தது. 25-ஆம் தேதி சாயங்காலம் ஏஜென்ட்டின் லாஞ்சில் நானும் எங்கள் சாரங்கும் (கப்பல் தொழிலாளர்களின் மேஸ்திரி) கொலோன் ஊருக்குள் போனோம். அங்கே சிந்தி வியாபாரிகளின் கடைகள் வரிசையாக இருக்கும், இந்தியிலேயே பேரம் பேசலாம். அன்றைக்குக் கடைக்காரர் பேரத்துக்கே வரவில்லை. "வேண்டியதைச் சீக்கிரம் எடுங்கள், இன்றைக்கு டுரான் சண்டை" என்று ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டே சொன்னார்.

நாங்கள் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கினோம். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, உள்ளே துவரம்பயறு. உலகத்தின் அந்தக் கோடியில் துவரையைப் பார்த்ததில் சாரங்குக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுதினால் கடிதம் வேறு திசைக்குப் போய்விடும். ஐஸ்பெட்டி மேல் டிவி. உட்கார இடமில்லை, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். ஐந்து மாதம் முன்புதான் மான்ட்ரியலில் இதே லெனார்டை 15 ரவுண்டு அடித்து டுரான் வெல்டர்வெயிட், அதாவது 147 பவுண்டு எடைப் பிரிவின், பட்டத்தை எடுத்திருந்தார். அதனால் கடையில் எல்லாரும் முக்கால்வாசி கொண்டாட்டத்தில்தான் இருந்தார்கள்.

ஏழாவது ரவுண்டில் லெனார்ட் வலது கையை மாவாட்டுகிற மாதிரி சுற்றிச் சுற்றிக் காட்டிவிட்டு, இடது கையால் மூக்கில் ஒரு இடி வைத்தார். முகத்தை நீட்டி, 'அடி பார்க்கலாம்' என்று கேலி வேறு. கடையில் ஒரு அம்மாள் டிவியைப் பார்த்துத் திட்டித் தீர்த்தார். எட்டாவது ரவுண்டு முடியும் தறுவாயில் டுரான் நடுவரைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். கையுறையில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தோம். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், ஏனென்றால் கொஞ்ச நேரம் யாருமே சத்தம் போடவில்லை. அப்புறம் கடைக்காரர் எழுந்து போய் டிவியின் ஒயரையே சுவரிலிருந்து பிடுங்கினார். திரும்பப் போடச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்கள் சாப்பாட்டுக்குக் காசை நீட்டினோம். முகத்தைப் பார்க்காமலே வேண்டாம் என்று கையை ஆட்டினார், டுரான் ஆட்டிய அதே மாதிரி. சாரங் சிரித்துவிட்டார். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை.

ஆக, அந்த ராத்திரியின் அவமானம் எனக்குத் தெரியும். அதற்குச் சப்பைக்கட்டு கட்ட நான் எழுதவில்லை. நடுவர்களின் அட்டையில் அப்போது ஒன்றிரண்டு புள்ளிதான் வித்தியாசம், எழுந்து நின்று ஆடியிருக்கலாம். ஆனால் அன்று சண்டை நடந்த நியூ ஆர்லியன்ஸில் நின்ற ஆள் யார் என்று சொல்லாமல் 'கதை முடிந்தது' என்று எழுதினால் எப்படி?

அவர் லைட்வெயிட். எடை வரம்பு 135 பவுண்டு, நம் கணக்கில் 61 கிலோ 200 கிராம். எனக்கு இந்த எண் மனப்பாடம், ஏனென்றால் அந்த வயதில் என் எடையும் அதேதான், உயரமும் அதே ஐந்தடி ஏழங்குலம். கப்பலில் அரிசி மூட்டை தூக்கும்போது சாரங் என்னை 'டுரான்' என்று கூப்பிடுவார். கிண்டல்தான். ஆனால் அதிலிருந்துதான் நான் அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

பனாமா நகரத்தில் எல் சொரீயோ என்று ஒரு சேரி. அமெரிக்கர்கள் வைத்திருந்த கால்வாய் மண்டலத்தின் எல்லையை ஒட்டியது. இந்தப் பக்கம் பலகை வீடுகள், அந்தப் பக்கம் வெட்டிவிட்ட புல்தரை. டுரான் பிறந்தது 1951 ஜூன் 16-ல். அப்பா அமெரிக்க ராணுவத்தில் சமையல்காரர், பையனுக்கு நினைவு தெரிவதற்குள் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பையன் செருப்புக்குப் பாலிஷ் போட்டான், பேப்பர் விற்றான், சாஃப்லான் என்ற தெருக்கூத்தாடியோடு சேர்ந்து காசுக்கு ஆடினான். பதினாறு வயதில், 1968 பிப்ரவரியில், முதல் தொழில்முறைச் சண்டை. கார்லோஸ் எலெத்தா என்ற கோடீஸ்வரர் அவருடைய ஒப்பந்தத்தை 300 டாலருக்கு வாங்கினார். இந்த எலெத்தாவின் தோட்டத்தில் சின்ன வயதில் தேங்காய் திருடி மாட்டிக்கொண்டவன்தான் அந்தப் பையன் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, பனாமாவில் எல்லாரும் சொல்வார்கள்.

எலெத்தா செய்த நல்ல காரியம், ரே ஆர்செல், ஃபிரெடி பிரவுன் என்ற இரண்டு கிழவர்களை நியூயார்க்கிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தது. ஆர்செல் எழுபதைத் தாண்டியவர், பழைய லைட்வெயிட் ராஜா பென்னி லெனார்டுக்கே பயிற்சியாளராக மூலையில் நின்றவர். ரவுண்டு இடைவேளையில் டுரானுக்குச் சீப்பெடுத்துத் தலை வாரிவிடுவார்களாம், எதிராளி பார்த்தால் 'இவன் இன்னும் களைக்கவே இல்லையே' என்று நினைக்கட்டும் என்று.

1972 ஜூன் 26, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஸ்காட்லாந்துக்காரர் கென் பியூகேனனிடமிருந்து 21 வயதில் உலகப் பட்டம். இதிலும் ஒரு கறை இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். 13-ஆவது ரவுண்டு முடியும் மணிச் சத்தத்தோடு டுரானின் ஒரு குத்து இடுப்புக்குக் கீழே விழுந்தது. பியூகேனன் சுருண்டு படுத்தார், நடுவர் டுரானுக்கே வெற்றி கொடுத்தார். புள்ளிகளில் டுரான்தான் முன்னால் இருந்தார் என்றாலும் பியூகேனனுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவே இல்லை.

அதே நவம்பரில் வந்தார் போர்ட்டோ ரிக்கோவின் எஸ்தெபான் டி ஹெசுஸ். டுரானைப் பற்றி எழுதுகிறவர்கள் லெனார்டையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள். என்னைக் கேட்டால் டுரானின் வாழ்க்கை முழுக்க டி ஹெசுஸ்தான். பட்டம் பணயம் இல்லாத பத்து ரவுண்டுச் சண்டை. முதல் ரவுண்டிலேயே ஒரு இடது ஹூக்கில், அதாவது வளைத்து விடும் குத்தில், டுரானைத் தரையில் உட்கார வைத்து, கடைசியில் புள்ளிகளில் வென்றார். 1974 மார்ச்சில் பனாமாவிலேயே மறுசண்டை, இந்த முறை பட்டம் பணயம். மறுபடி முதல் ரவுண்டு, மறுபடி டுரான் தரையில்! சொந்த ஊர்க்காரர்கள் நெஞ்சில் கை வைத்திருப்பார்கள். எழுந்தார். அந்தப் பனாமா வெக்கையில் ரவுண்டுக்கு ரவுண்டு வயிற்றையும் விலாவையும் அடித்து அடித்து, 11-ஆவது ரவுண்டில் நாக் அவுட். இதுவும் அதே டுரான்தான்.

டி ஹெசுஸ் அப்படியும் விடவில்லை. டுரான் ஏற்கெனவே தோற்கடித்திருந்த ஜப்பானின் இஷிமாட்சு சுசுகி இன்னொரு அமைப்பின் பட்டத்தை வைத்திருந்தார். 1976-ல் டி ஹெசுஸ் அவரை வென்று அந்தப் பட்டத்தைப் பிடித்தார். ஆக ஒரே எடைக்கு இரண்டு சாம்பியன். 1978 ஜனவரி 21, லாஸ் வேகாஸ், மூன்றாவது சண்டை. 12-ஆவது ரவுண்டில் முடித்து இரண்டு பட்டத்தையும் டுரான் ஒன்றாக்கினார். ஆறரை வருடம், 12 முறை பட்டத்தைக் காப்பாற்றினார். மான்ட்ரியலுக்குப் போகும்போது அவர் கணக்கு 71 வெற்றி, ஒரு தோல்வி. அந்த ஒன்றும் டி ஹெசுஸிடம்தான். இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த லைட்வெயிட் என்று அசோசியேட்டட் பிரஸ் அவரைத் தேர்ந்தெடுத்ததே இந்தக் காலத்துக்காகத்தான். உங்கள் தொகுப்பில் 'லைட்வெயிட்' என்ற சொல்லே இல்லை.

சரி, அப்படிப்பட்டவர் ஏன் அன்று கையை ஆட்டினார்? 1979 தொடக்கத்தில் லைட்வெயிட் பட்டத்தை அவர் விட்டதே உடம்பு 61-க்குள் அடங்காததால்தான். சண்டை இல்லாத நாளில் வாயைக் கட்ட அவருக்குத் தெரியாது. மான்ட்ரியல் வெற்றிக்குப் பிறகு விருந்து விருந்தாகத் தின்று ஊதிப்போனார். லெனார்ட் அதைப் பார்த்துத்தான் மறுசண்டையைச் சீக்கிரம் வைக்கச் சொன்னார், அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவசர அவசரமாக உடம்பை வற்றவைத்து 147 பவுண்டுக்குள் வந்து, எடை பார்த்து முடிந்ததும் மாட்டிறைச்சியை வெட்டு வெட்டென்று வெட்டினார். வயிற்றுப் பிடிப்பு என்று அவர் சொன்னதை உலகம் நம்பவில்லை. நான் பாதி நம்புகிறேன். புயலில் நாலு நாள் வாந்தி எடுத்து வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு, கடல் அடங்கியதும் கப்பல் சமையல்காரர் பண்டாரியிடம் போய் இரண்டு தட்டு பிரியாணி வாங்கித் தின்ற அனுபவம் எனக்கு உண்டு. மீதிப் பாதி, மாவாட்டிக் காட்டிய அந்தக் கேலி.

'அத்தோடு கதை முடிந்தது' என்றீர்கள். அதற்குப் பிறகு அவர் 45 சண்டை போட்டிருக்கிறார். 1983-ல் தன் 32-ஆவது பிறந்தநாளன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டேவி மூரை எட்டே ரவுண்டில் முடித்து மூன்றாவது எடைப் பிரிவில் பட்டம். அந்த வருடமே இன்னும் மேலே, மிடில்வெயிட் பிரிவின் சாம்பியன் ஹாக்லரிடம் 15 ரவுண்டு நின்று தோல்வி. அடுத்த வருடம் ஹெர்ன்ஸ் என்ற இன்னொரு சாம்பியனிடம் இரண்டாவது ரவுண்டில் முகம் குப்புற விழுந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். 1989 பிப்ரவரியில், 37 வயதில், தன்னைவிட அரையடி உயரமான ஐரன் பார்க்லியை 11-ஆவது ரவுண்டில் கீழே தள்ளி மிடில்வெயிட் பட்டம். கடைசிச் சண்டை 2001-ல், ஐம்பது வயதில். மொத்தம் 119, அதில் 103 வெற்றி.

1989 டிசம்பரில் அமெரிக்கப் படை பனாமாவுக்குள் இறங்கியபோது, பனாமாவை ஆண்ட ராணுவத் தளபதி நோரியேகாவின் தலைமையகம் பக்கத்திலேயே இருந்ததால் எல் சொரீயோவின் பலகை வீடுகள் எரிந்து போயின. அவர் பாலிஷ் போட்ட தெருக்கள் அவை.

அதே வருடம் இன்னொன்றும் நடந்தது. டி ஹெசுஸ் போதை ஊசிக்கு அடிமையாகி, ஒருவரைச் சுட்டுக் கொன்று, ஆயுள் தண்டனையில் இருந்தார். ஊசியால் எய்ட்ஸ். சாகப் போகிறார் என்று வெளியே விட்டிருந்தார்கள். டுரான் மகளையும் கூட்டிக்கொண்டு போர்ட்டோ ரிக்கோவுக்குப் போனார். எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். அதற்குப் பிறகு டி ஹெசுஸ் அதிக நாள் இல்லை, மே மாதம் இறந்தார்.

இரண்டு வருடம் கழித்து நான் வேலை பார்த்த ஒரு கப்பலில், ஒரு கலாசிக்கு, அதாவது கப்பல் தொழிலாளிக்கு, அந்த நோய் இருப்பதாகப் பேச்சு வந்தது. பேச்சு மட்டும்தான். அவன் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கச் சொல்லிப் பண்டாரியிடம் போனவர்களில் நானும் ஒருத்தன். தட்டின் அடியில் ஆணியால் கீறி அடையாளம் வைத்ததும் நான்தான். அடுத்த துறைமுகத்தில் அவனை இறக்கிவிட்டார்கள். டுரான் டி ஹெசுஸைக் கட்டிப்பிடித்த படத்தை நான் ஒரு பழைய பத்திரிகையில் பார்த்தது அதற்கும் அப்புறம்தான்.

திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். 'லைட்வெயிட்' என்ற சொல்லும், '1972 முதல் 1979 வரை உலக சாம்பியன்' என்ற ஒரு வரியும் இருந்தால் போதும். கூடவே படம் போடுவதாக இருந்தால், நியூ ஆர்லியன்ஸில் முதுகைக் காட்டிய படம் வேண்டாம், அதைத்தான் போன வாரம் போட்டாயிற்று. அந்தக் கட்டில் படத்தைத் தேடிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுக்கானி ஒருவர்,
தூத்துக்குடி