பெல்ட் ஓரத்தில் ஏன் பெயின்ட் இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் பெல்ட் வாங்கும் பலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடிக்காமல் விட்டுவிட்டீர்களே?" என்று கேட்கிறார்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். அந்த ஓரம் தேய்த்தே மெருகேற்றியது. ஒரு பெல்ட்டுக்கு ஆகும் நேரத்தில் ஏறக்குறைய பாதி அதற்கே போய்விடுகிறது. நீங்கள் கொடுக்கும் விலையில் அதற்கும் பங்கு இருப்பதால் விவரம் சொல்வது எங்கள் கடமை.

மேல்தோலையும் உள்தோலையும் ஒட்டித் தைத்து முடித்ததும், பக்கவாட்டில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே பசைக்கோடு தெரியும். நாரும் பிசிறுமாக இருக்கும். அதைக் கத்தியால் ஒரே சீராக நறுக்கி, 220-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400, 600 என்று படிப்படியாகத் தேய்க்கிறோம். கூரான முனைகளைச் சிறிய கருவியால் சீவி உருட்டுகிறோம். இதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஓரத்தை மட்டும் லேசாக ஈரப்படுத்தி, பள்ளம் வெட்டிய ஈட்டிமரக் கட்டையால் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டு கூடினாலும் தோலின் முகத்தில் கறை இறங்கிவிடும். எடுத்த எடுப்பில் அழுத்தித் தேய்த்தால் ஓரம் இருபுறமும் பிதுங்கிக்கொள்ளும். எனவே முதலில் வருடுவது போல, ஈரம் குறையக் குறைய அழுத்தம் கூட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் கட்டை தடையின்றி வழுக்க ஆரம்பிக்கும், சத்தமே மாறிவிடும். நிறம் ஒரு படி கருக்கும், பசைக்கோடு மறையும். கடைசியாகத் தேன்மெழுகு பூசி, கித்தான் துணியால் சூடேறும்வரை தேய்த்தால் விரல் நழுவும் பளபளப்பு வந்துவிடும்.

எல்லாத் தோலும் இதற்குப் பணியாது. மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட தோல்தான் பணியும். தாவரத் துவர்ப்பு நார்களுக்கிடையே நிறைந்திருப்பதால், ஈரம் பட்டதும் அவை இளகுகின்றன. தேய்க்கும் அழுத்தத்திலும் சூட்டிலும் ஒன்றோடொன்று படிந்து, காய்ந்ததும் அப்படியே இறுகிவிடுகின்றன. ஆவாரம்பட்டையில் பதனிடும் வழக்கம் நம் ஈரோடு, திண்டுக்கல், திருச்சிப் பக்கங்களில் பழையது. எங்கள் பர்ஸ்களின் உள்ளறைக்கு அங்கிருந்து ஆட்டுத்தோல் வருகிறது. பெல்ட்டுக்கு வேண்டிய தடித்த எருமைத்தோலைக் கான்பூரிலிருந்து எடுக்கிறோம்.

குரோம் உப்பில் பதனிட்ட தோலின் குணம் வேறு. மிருதுவானது, நீரை அவ்வளவாகக் குடிக்காது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே சென்னையில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் குரோம் தோலைச் சோதித்துப் பார்த்தபோது, மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் தோல் சாலுக்கு அது உதவும் என்று கண்டதும் அந்தக் குணத்தால்தான். கிணற்றுக்கு வரமாக இருந்த அதே குணம் மெருகுக்குத் தடை. எவ்வளவு தேய்த்தாலும் நார்கள் துள்ளி எழுந்து நிற்கும்.

அதனால் எங்கள் குரோம் தோல் கைப்பைகளுக்கு ஓரப் பெயின்ட்தான். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். மெல்லிய பூச்சு, காயவிடுதல், உப்புத்தாள், மறுபடியும் பூச்சு என்று மூன்று நான்கு சுற்றுகள் ஒழுங்காகச் செய்தால் நன்றாக உழைக்கும். பிசிறை நீக்காமல் ஒரே தடவையில் தடிமனாகப் பூசுவதில்தான் கோளாறு. அந்தப் படலத்துக்குள் தோல் இருக்கிறதா, அட்டை இருக்கிறதா என்பதும் வெளியே தெரியாது. எந்தக் கடையில் பெல்ட் வாங்கினாலும், கொக்கி மடங்கும் இடத்தை ஒருமுறை வளைத்து, ஓரத்தைப் பாருங்கள். மட்டமான பூச்சு அங்கேதான் முதலில் வெடிக்கும். மடித்துத் தைத்த ஓரங்கள் சில பர்ஸ்களில் உண்டு. அவற்றுக்கு இந்த இரண்டு வைத்தியமும் தேவையில்லை.

மெருகேற்றிய ஓரத்துக்கும் எதிரி உண்டு: வியர்வையும் மழையும். நனைந்தால் நார்கள் மெல்லத் தலைதூக்கும், தொட்டால் சொரசொரக்கும். வெயிலில் போடாதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம், விறைத்துப்போகும். நிழலில் காயவிட்டு, முழுதும் உலரும் முன்பே ஒரு பருத்தித் துணியை ஓரத்தின் மேல் மடித்துப் பிடித்து நன்றாகத் தேயுங்கள். தேன்மெழுகு இருந்தால் துளி தடவலாம். சாதாரண மெழுகுவர்த்தி வேண்டாம், வெள்ளை வெள்ளையாக உதிரும். தேங்காய் எண்ணெயோ கூடவே கூடாது. வீட்டில் எதற்கும் அதை எடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு என்று தெரிந்துதான் சொல்கிறேன். எண்ணெய் ஏறிய ஓரம் தளர்ந்துவிட்டால், பிறகு எங்களாலும் அதை இறுக்க முடியாது.

துணியால் தேய்த்தும் சரியாகவில்லை என்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள். எங்களிடம் வாங்கிய பெல்ட்டுக்கு மறுமெருகு இலவசம். உட்கார்ந்திருந்தே வாங்கிக்கொண்டு போகலாம். சனிக்கிழமை மாலை மட்டும் கூட்டம் அதிகம், அந்த நேரத்தைத் தவிருங்கள். கைப்பைகளின் ஓரப் பெயின்ட்டைப் புதுப்பிக்கக் கட்டணம் உண்டு. ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும் என்பதால், பையை எங்களிடம் ஒரு வாரம் விட்டுவைக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
பெரியமேடு, சென்னை