காமெடி எழுதியவர் பெயர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

தொலைக்காட்சிக் காமெடி நிகழ்ச்சிகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடித்தவர்கள், தொகுத்து வழங்கியவர்கள், நடுவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லிப் பாராட்டியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் எழுதியவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. நிகழ்ச்சியிலேயே போடாத பெயரை நீங்கள் எங்கே போய்த் தேடுவீர்கள்?

நான் ஒரு சேனலின் காமெடி நிகழ்ச்சிக்கு மூன்று வருடம் ஸ்கிட் எழுதியவன். மாதச் சம்பளம் கிடையாது, எபிசோடுக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சுதான். வடபழனியில் ஒரு மாடி அறையில் நான்கு பேர் உட்கார்ந்து இரண்டு நாள் டிஸ்கஷன், அடுத்த நாள் ராத்திரிக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், மறுநாள் காலையில் ஷூட்டிங். அங்கேயும் நடிகர் வாயில் உட்காராத வரியை நின்றபடியே மாற்றி எழுதித் தருவது நாங்கள்தான். ஒளிபரப்பாகி இரண்டு மாதம் கழித்து, வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் தருவார்கள். எபிசோடு ஒளிபரப்பாகவில்லை என்றால் எழுதியதற்குக் காசு இல்லை. பெயரா? கடைசியில் ஓடுகிற டைட்டிலில் 'உதவி' என்று போட்டு ஏழெட்டுப் பேரோடு சேர்த்து ஓட்டுவார்கள், அதற்குள் அடுத்த நிகழ்ச்சியின் ப்ரோமோ வந்து திரையில் பாதியைப் பிடித்துவிடும். என் அம்மா டிவிக்குக் கிட்டே போய் நின்று பார்த்தும் படிக்க முடியவில்லை.

இப்போது அதே ஸ்கிட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டி யூடியூபில் போட்டு விளம்பரக் காசு பார்க்கிறார்கள். எங்களுக்கு அதில் பைசா கிடையாது, பெயரும் கிடையாது.

சினிமாக் காமெடிக்கும் இதே கதைதான். கரகாட்டக்காரன் (1989) வாழைப்பழக் காமெடியைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது, கவுண்டமணி, செந்தில் பெயரும் எல்லாருக்கும் தெரியும். அதை எழுதிய ஏ. வீரப்பனை எத்தனை பேருக்குத் தெரியும்? காமெடிச் சேனல்கள் நாள் முழுக்க ஓட்டுவது காட்சியை மட்டும்தானே, டைட்டிலை யாரும் ஓட்டுவதில்லை. கிரேசி மோகன் மாதிரி நாடக மேடையிலேயே பெயர் வாங்கிவிட்டு வந்தவர்கள் தப்பித்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. உரிமையை விற்ற பிறகும் 'இது நான் எழுதியது' என்று சொல்லும் உரிமை எழுதியவருக்கு உண்டு, காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 57ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், திரையரங்கில் ஓடுவது தவிர வேறு வழிகளில் படத்தைப் பயன்படுத்தினால் வருகிற ராயல்டியில் எழுதியவருக்குச் சம பங்கு உண்டு, அதை அவரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்றது. பாடலாசிரியர்களுக்கு அந்த ராயல்டியை ஐ.பி.ஆர்.எஸ். என்ற அவர்களுடைய உரிமைச் சங்கம் வசூலித்துத் தருகிறது. காமெடி எழுதிய ஒருவர் கைக்கு அப்படி ஒரு தொகை வந்து நான் பார்த்ததில்லை. உரிமை கைமாற வேண்டும் என்றால் எழுத்தில் கையெழுத்து வேண்டும் என்பதும் சட்டம்தான், ஆனால் அந்த வவுச்சரின் பின்பக்கத்தில் என்ன அச்சடித்திருந்தது என்று நாங்கள் நால்வரும் ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை. வாடகைக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 2023இல் சினிமா, டிவி எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தது. மறு ஒளிபரப்புக்குப் பணம் வருவது அங்கே பழைய வழக்கம், ஸ்ட்ரீமிங்கில் அது தேய்ந்துபோனதுதான் சண்டைக்கு ஒரு முக்கியக் காரணம். யார் பெயர் டைட்டிலில் வரவேண்டும் என்பதில் தகராறு வந்தாலும் சங்கம்தான் தீர்ப்பு சொல்லும், தயாரிப்பாளர் இல்லை.

இங்கே அவ்வளவு தூரம் போக நாளாகும், சரி. ஒரு துண்டுக் காட்சியின் கீழே 'எழுத்து' என்று போட்டு ஒரு பெயரைச் சேர்க்க எவ்வளவு செலவாகும்? சேனல்கள் அதையாவது இப்போதே செய்யலாம். நீங்களும் அடுத்த முறை காமெடி பற்றி எழுதும்போது, சேனலுக்குப் போன் போட்டு எழுதியது யார் என்று கேட்டு அந்தப் பெயரையும் அச்சில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாலிகிராமம், சென்னை.