பம்பரைக் கழற்றி மாட்டினீர்கள், ரேடாரை யார் சரிபார்ப்பது?

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: முன்பம்பர் வேலைக்குப் பிறகு அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல் (முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி) தாறுமாறாக இயங்குவது

ஐயா, வணக்கம்.

மாதவரம் சர்வீஸ் சென்டர், டோல் ஃப்ரீ நம்பர், உங்கள் ஆப் என்று எல்லா வாசலையும் தட்டி ஓய்ந்துபோய் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

மணலியில் டிரெய்லர் உரசிய பம்பரை உங்களிடம்தான் டிங்கரிங், பெயின்டிங்குக்கு விட்டேன். வண்டி திரும்பி வந்ததிலிருந்து மீஞ்சூர்-வண்டலூர் வெளிவட்டச் சாலையில் 80-இல் க்ரூஸ் போட்டால், பக்கத்து லேனில் போகும் கன்டெய்னருக்கு இது பிரேக் அடிக்கிறது. என் லேனில் முன்னால் போகும் காரைத் தாமதமாகத்தான் பிடிக்கிறது. 80 என்றால் நொடிக்கு 22 மீட்டர். காரணமே இல்லாமல் வண்டி அமுங்கும்போது பின்னால் சரக்கோடு வரும் டிரெய்லர் எப்படி நிற்கும்?

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. முன்னால் போகும் வண்டியைக் கண்டுபிடிக்கும் ரேடார் கீழ் கிரில்லுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் பிராக்கெட் ஒரு டிகிரி திரும்பினாலே 100 மீட்டர் தூரத்தில் பார்வை 1.75 மீட்டர் விலகிவிடும், அதாவது 3.5 மீட்டர் லேனில் சரிபாதி. ரேடாருக்கு நேர் முன்னால் பம்பரில் பள்ளத்தை நிரப்பும் பட்டி வைத்துக் கனமாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் சிக்னல் கெடும். அதனால்தான் பம்பரைக் கழற்றினால் கேலிப்ரேஷன், அதாவது ரேடாரின் கோணத்தை அளந்து சரிசெய்வது, பார்க்க வேண்டும் என்கிறேன். சமதளத் தரை, சரியான டயர் காற்று, காலி டிக்கி, வண்டியின் நடுக்கோட்டுக்கு நேராக, சொன்ன தூரத்திலும் உயரத்திலும் டார்கெட் (ரேடார் குறிபார்க்க நிறுத்தும் பலகை), இத்தனையும் அதற்கு வேண்டும். என் பில்லில் பெயின்ட், கிளிப், லேபர் எல்லாம் இருக்கிறது. கேலிப்ரேஷன் என்று ஒரு வரிகூட இல்லை.

இதைக் கேட்டதற்கு உங்கள் சர்வீஸ் அட்வைசர் என்ன சொன்னார் தெரியுமா? கம்ப்யூட்டரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஸ்கேன் போட்டாச்சு, எரர் கோடு இல்ல. ஊர்ல எல்லாரும் கால்லதான் பிரேக் போடுறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன சார்?" என்றார். அத்தனை பேர் முன்னால்! எரர் கோடு இல்லை என்றால் கோணம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமா? சின்ன விலகலுக்குப் பல நேரம் கோடே விழாது. இது அவருக்குத் தெரியவில்லை என்றால் அந்த நாற்காலியில் அவருக்கு என்ன வேலை?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் டெலிவரி அன்றே உங்கள் ஷோரூமில், "செட் பண்ணிட்டா காலே வைக்க வேணாம்" என்றார்கள். அதையும் இங்கே பதிவு செய்கிறேன். நின்றுகொண்டிருக்கும் வாகனத்தை இந்த க்ரூஸ் பல நேரம் கணக்கிலேயே எடுக்காது. பாலம், பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் பிரேக் அடிக்கக்கூடாது என்று, நிற்கும் பொருள்களை மென்பொருள் ஒதுக்கிவிடுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரி ஓரமாக, பின்விளக்கே இல்லாமல் நிற்கும் டிரெய்லர்களை நினைத்துப் பாருங்கள். அங்கே க்ரூஸ் போடவே கூடாது. இடையில் நுழையும் பைக்குகள், கொட்டும் மழை, கூர்மையான வளைவு, இங்கெல்லாமும் அணைத்துவிட வேண்டும். வெளிவட்டச் சாலையில் போட்டாலும் இடைவெளியை அதிகபட்சத்தில் வைத்து, கால் பிரேக் பக்கமே இருக்க வேண்டும். சாவி கொடுக்கும்போது இதைச் சொல்லாமல் விற்பது உயிரோடு விளையாடுவது.

மாதவரத்தில் டார்கெட் போர்டு இல்லையாம், அம்பத்தூருக்குப் போகச் சொன்னார்கள். அம்பத்தூரில் மெஷின் இருக்கிறது, ஆள் லீவாம்! ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா? லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய வண்டி எனக்கு இப்போது காயலான் கடை இரும்புக்குச் சமம்.

கேலிப்ரேஷனை இலவசமாகச் செய்து, சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் இருந்த கோண அளவுகளைப் பிரின்ட் எடுத்துத் தாருங்கள். ரேடாருக்கு முன்னால் பட்டி இருந்தால் பம்பரையே மாற்றுங்கள். பேசிய விதத்துக்கு அந்த அட்வைசர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் நிறுவனத்தின் மேல் இன்னும் மரியாதை வைத்திருக்கிறேன். 15 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகும். அடுத்தது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பில், ஜாப் கார்டு, டேஷ்கேம் பதிவு எல்லாம் கையில் இருக்கிறது.

வண்டியை எடுத்துப்போக உங்கள் ஆளையே அனுப்புங்கள். அம்பத்தூருக்கு இனி நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
திருவொற்றியூர் வாடிக்கையாளர்