செயலாளர் ஆண்டறிக்கை: எனாமல் பெயர்ப்பலகைப் பணி

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன; சந்தாவில் மாற்றமில்லை; வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டின் உழைப்பில் பெரும்பங்கை விழுங்கியது பழைய ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளைச் சீரமைக்கும் பணிதான்.

1948-இல் பிரிட்டனின் ரயில்வேக்கள் நாட்டுடைமையான பின் வந்த 'டோட்டம்' பலகைகள் இவை. 3 அடி அகலம், கில் சான்ஸ் எழுத்துரு, வட்டாரத்துக்கு ஒரு நிறம்: மேற்குக்குப் பழுப்பு, தெற்குக்குப் பச்சை, லண்டன் மிட்லண்டுக்கு மெரூன், கிழக்குக்குக் கருநீலம், வடகிழக்குக்கு ஆரஞ்சு, ஸ்காட்லாந்துக்கு வெளிர்நீலம். 1965-இல் பிரிட்டிஷ் ரயிலின் இரட்டை அம்புச் சின்னமும், ஜாக் கின்னெயரும் மார்கரெட் கால்வர்ட்டும் வடிவமைத்த 'ரயில் ஆல்ஃபபெட்' எழுத்துருவும் வந்தபின் இவை படிப்படியாக இறக்கப்பட்டன. ஒரே நாளில் அல்ல. ஆகவே ஒரே நடைமேடையில் பழைய டோட்டமும் புதுவகைப் பலகையும் சேர்ந்து இருப்பது பிழை என்று வந்த புகாரைச் செயற்குழு ஏற்கவில்லை.

எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் சுமார் 800 டிகிரி செல்சியஸில் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. தகடு வளைந்தால் கண்ணாடி வெடிக்கும். அதனால்தான் சேதம் பெரும்பாலும் திருகுத் துளையில் தொடங்குகிறது: திருகை இறுக்க இறுக்க விளிம்பு உதிர்கிறது, நீர் நுழைகிறது, துரு பருத்துப் பக்கத்து எனாமலையும் தூக்கிவிடுகிறது.

நாம் கடைப்பிடித்த முறை: வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பருத்தித் துணி. கம்பித் தூரிகையும் கழிப்பறை அமிலமும் கூடவே கூடாது. பளபளப்பு ஒருமுறை போனால் போனதுதான். தளர்ந்த துருவை மட்டும் சுரண்டி, டானிக் (tannic) அமிலத் துருமாற்றி பூசி, ஒரு நாள் காயவிட்டு, ஜிங்க் பாஸ்ஃபேட் பிரைமர், பள்ளத்துக்கு எபாக்ஸி, அதன்மேல் மெல்லியதாக இரண்டு பூச்சு. நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் ஒப்பிட வேண்டும். ஆரஞ்சில்தான் மிகவும் திணறினோம். கடை ஆரஞ்சு பெரும்பாலும் சிவப்பு தட்டுகிறது. பழைய எனாமலில் ஈயமோ காட்மியமோ இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்க அனுமதியில்லை.

முழுப் பலகையையும் புதுவர்ணம் அடித்துத் தரும்படி வந்த கோரிக்கைகளை மறுத்தோம். உதிர்ந்த இடம் அப்படியே தெரிந்தாலும் பழைய எழுத்து விளிம்பு மிஞ்சும். மேலே வர்ணம் ஏறினால் அதுவும் மறைந்துவிடும்.

திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு பித்தளைத் திருகுக்கும் இருபுறமும் நைலான் வாஷர். பின்பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று போக இடைவெளி. திருகு கைவிசைக்கு நின்றதும் நிறுத்திவிடவும். மின் திருப்புளியைக் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டோம்.

செயலாளர்