வழுக்கையாற்றுக்கு எல்லைக்கல் போட்டுத் தாருங்கள்

யாழ்ப்பாண மாவட்ட அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

வணக்கம். வலிகாமத்தில் தோட்டமும் வயலும் செய்கிற நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான்: இந்த மாரிக்கு முன்னர் வழுக்கையாற்றை அளந்து இரு கரையிலும் எல்லைக்கல் நட்டு, அதோடு தொடுத்த குளங்களையும் வெள்ள வாய்க்கால்களையும் தூர்வாரித் தாருங்கள்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. தொண்டைமானாறும் உப்பாறும் கடல்நீரேரிகள். மழைக்கு மட்டுமென்றாலும் ஆறாக ஓடுவது வழுக்கையாறு ஒன்றுதான். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்று வயலும் குளமுமாக இறங்கி அராலியில் கடல்நீரேரியோடு சேர்கிறது.

எங்கள் கிணறுகளின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை அதன் வெடிப்புகளால் இறங்கி, உள்ளே இருக்கிற உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது, அதைத்தான் குடிக்கிறோம், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புமாக இருப்பது இதனால்தான். மோட்டர் வந்த பிறகு இறைப்புக்கு அளவில்லை, அது எங்கள் பக்கத்துத் தவறும்தான். ஆனால் மழைத் தண்ணீர் குளத்தில் நின்று ஊறாமல் போனால், எவ்வளவு சிக்கனமாக இறைத்தாலும் கோடையில் கிணறு உப்பேறிச் சவராகிவிடும்.

இப்போது நடப்பது என்ன? வாய்க்காலை மண் போட்டு நிரவி மதில் எழுப்புகிறார்கள். வீதியை உயர்த்துகிறார்கள், மதகு மட்டும் பழைய அளவிலேயே கிடக்கிறது, பிறகு வெள்ளம் வீட்டுக்குள் வராமல் வேறெங்கே போகும்? முறையிடப் போனால் குளம் ஒரு அலுவலகத்துக்கு, வாய்க்கால் இன்னொன்றுக்கு, மதகு வீதிக்காரருக்கு என்று அனுப்பிவிடுகிறார்கள். இவர்கள் எல்லாரையும் ஒரே மேசையில் இருத்த மாவட்டத்தில் உங்களால்தான் முடியும்.

அப்புறம் அராலித் தடுப்பணைக் கதவுகள். வயல்காரர் பயிர் அழுகுகிறது, திற என்பார். கிணற்றுக்காரர் தண்ணீர் கடலுக்குப் போகிறது, மூடு என்பார். இரண்டும் நியாயம்தான். எந்த மட்டத்தில் திறப்பது, எப்போது மூடுவது என்பதை மாரிக்கு முன்பே இரு பகுதியாரையும் கூப்பிட்டு முடிவு செய்து, எழுதி ஒட்டுங்கள்.

காங்கேசன்துறைக்கு 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது, சந்தோஷம். துறைமுகம் வளர்ந்து ஹோட்டலும் குடியிருப்பும் பெருகினால் வலிகாமத்து நிலத்தடி நீரில்தான் இன்னும் கை வைப்பார்கள். அதற்கான திட்டம் போடும்போது இந்த ஆற்றின் வரைபடத்தையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

நில அளவை எப்போது தொடங்கும் என்று ஒரு திகதி போட்டுப் பதில் தந்தால் போதும். கரையோரக் காணிக்காரரைக் கூட்டி வருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
வழுக்கையாற்றுப் படுகை விவசாயிகள்